தே வேறு, தண்ணி வேறு

ரொறன்ரோ விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி பதினாறு பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். பதினாறிலும் தேயிலை. இவ்வளவையும் யார் குடிக்கப்போகிறார்கள் என்று கேட்டார். குடிக்க அல்ல, துப்ப என்றேன். மனுசன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரு பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தார். முகம் இளகியது. போகலாம் என்று கையைக் காட்டினார். நல்ல தேயிலைக்குக் கடவுச்சீட்டு தேவையில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன்.

தேயிலை ருசி பார்ப்பது என் தொழில். கொழும்பில் ஒரு கொம்பனியில் முப்பது வருடமாக, காலையில் நீளமான மேசை நிறைய வைத்திருக்கும் கோப்பைகளைக் கரண்டியால் உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பிவிட்டு, இது நன்றாகக் காயவில்லை, இது கருகிவிட்டது, இது ரஷ்யாக்காரருக்குப் போகலாம் என்று சொல்வேன். அதற்குத்தான் சம்பளம். இந்த முறை மூன்று நாள் வியாபாரக் கூட்டம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். கூட்டத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. தேயிலை விற்க வந்த எங்களுக்கே காகிதக் கோப்பையில் நூல் தொங்கும் பையைப் போட்டுத் தந்தார்கள் என்பதைத் தவிர.

கூட்டம் முடிந்ததும் ஒன்பது நாள் லீவு போட்டுக்கொண்டு சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அக்காவும் அத்தானும் டோர்செட் பார்க்கில் ஒரு அடுக்குமாடியின் பதினோராம் மாடியில் இருக்கிறார்கள். எலிவேட்டரில் ஏறும்போதே ஒவ்வொரு மாடியும் ஒவ்வொரு குழம்பு மணக்கிறது. ஆறாம் மாடியில் கருவாடு. எட்டாம் மாடியில் யாரோ மிளகாய் வறுத்து, எலிவேட்டரில் இருந்த எல்லோரையும் சாதி மத பேதமின்றித் தும்மவைத்தார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் என் கண் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் போனது. குத்துவிளக்கைவிடப் பெரிதாக, வயிறு பருத்து, கீழே ஒரு சின்னக் குழாயோடு ஒரு சமோவார் இருந்தது. மின்சாரத்தில் தண்ணீர் கொதிக்கவைக்கும் ரஷ்யப் பாத்திரம். அதன் வயிற்றில் அக்கா சந்தனப் பொட்டு வைத்திருந்தார்.

புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் போட்டுவிட்டு அக்கா கதையைச் சொன்னார். ஒன்பதாம் மாடியில் கலீனா என்றொரு ரஷ்ய அம்மா. எழுபத்து நாலு வயது, தனி ஆள். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னர் அக்கா பனியில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அப்போது அந்த மனுசி ஆறு கிழமை ஒரு நாள் தவறாமல் காலையில் மேலே ஏறிவந்து, அக்காவின் தலையை வாரிப் பின்னிவிட்டுப் போயிருக்கிறார். அத்தானுக்குப் பின்னத் தெரியாது. ஒருமுறை முயன்றிருக்கிறார், அது கயிறு திரித்தது போல இருந்ததாம்.

கலீனா இப்போது கல்கரியில் இருக்கும் மகனோடு போய் இருக்கப் போகிறார். அடுத்த கிழமை ஞாயிறு விமானம். வீட்டுச் சாமானை எல்லாம் கொடுத்து முடிக்கும்போது சமோவாரை அக்காவுக்குக் கொடுத்திருக்கிறார்.

"வாற சனிக்கிழமை கடைசியாத் தேத்தண்ணிக்கு வரச் சொல்லியிருக்கிறன்," என்றார் அக்கா. "ஆறு வருசமா எங்கடை வீட்டை வாறா. ஒருநாளும் அவ தேத்தண்ணியை முழுக்கக் குடிச்சதில்லை, தம்பி. மூண்டிலை ஒரு பங்கு அப்பிடியே இருக்கும். எனக்கு மனசுக்குச் சரியான கஷ்டம். போறதுக்கு முதல் ஒரே ஒரு கிளாஸ் அவ முழுசாக் குடிக்கோணும். அவவின்ரை ஊர் முறையிலை, அவவின்ரை பாத்திரத்திலை. நீ தானே ரஷ்யாவுக்குத் தேயிலை அனுப்புறனீ."

அனுப்புகிறேன்தான். பெரிய இலை, முறுக்கு நன்றாக விழுந்த, தாழ்ந்த மலைகளில் விளையும் கீழ்நாட்டுத் தேயிலை என்றால் கண்ணை மூடிக்கொண்டு ரஷ்யாக்காரருக்கு என்று எழுதிவிடுவேன். ஆனால் ஒரு ரஷ்யர் அதை எப்படிக் குடிக்கிறார் என்று முப்பது வருடத்தில் ஒருமுறையும் பார்த்ததில்லை. பெண்ணைச் சோடித்து அனுப்பிவிட்டு மாப்பிள்ளை வீட்டுப் பக்கமே போகாத தகப்பன் மாதிரி. இதை அக்காவுக்குச் சொல்லவில்லை. அது என்ன பெரிய வேலை, விடுங்கோ என்று சொல்லிவிட்டு இன்னொரு அகப்பை புட்டு வாங்கினேன்.

மறுநாள் ஞாயிறு காலை சமோவாரில் தண்ணீர் கொதிக்கவைத்து ஒரு மிடறு குடித்தேன். புளி ரசம். உப்பும் பெருங்காயமும்தான் குறை. விசாரித்ததில் உண்மை வெளிவந்தது. பாத்திரம் வந்த அன்றே அத்தான் அதற்குள் நேரடியாகத் தேயிலையைக் கொட்டி, இஞ்சி தட்டிப் போட்டு, அரை மணித்தியாலம் கொதிக்கவிட்டிருக்கிறார். குழாயைத் திறந்தால் சொட்டும் வரவில்லை. இலை அடைத்துக்கொண்டது. கலீனாவும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். ஒன்றும் சொல்லவில்லையாம், நல்ல மனுசி. பிறகு அக்கா, உள்ளே பித்தளைதானே என்று பழப்புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். யாழ்ப்பாணத்தில் பித்தளை என்று எதைக் கண்டாலும் எங்கள் கை புளியைத் தேடும்.

"தேத்தண்ணி எண்டால் கொதிக்கோணும்," என்றார் அத்தான். அவர் இருபது வருடம் உணவகக் குசினிகளில் நின்றவர். கொதிக்காத எதையும் நம்பமாட்டார்.

ஈர்க்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவிக் குழாயைக் குத்தினேன். கறுத்த இலையும் இஞ்சி நாரும் வந்தன. பிறகு மஞ்சள் தேசிக்காய் இரண்டின் சாற்றை விட்டுத் தண்ணீர் நிரப்பிக் கொதிக்கவைத்து, ஒரு மணித்தியாலம் விட்டு ஊற்றினேன். உள்ளே பிடித்திருந்த வெள்ளைச் சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காகக் கழன்று வந்தது. இந்த ஊர்த் தண்ணீர் ஏரித் தண்ணீர், கொஞ்சம் கடினம். கேத்தில் எல்லாவற்றிலும் இந்தப் பொருக்கு இருக்கிறது. அதன்பின் வெறும் தண்ணீரில் மூன்று தரம். நாலாம் தரம் குடித்தபோது தண்ணீர் தண்ணீராக இருந்தது. இனி உள்ளே கைவைக்கக் கூடாது, புளியும் வேண்டாம், சவர்க்காரமும் வேண்டாம் என்று அக்காவிடம் சத்தியம் வாங்கினேன்.

திங்கள் மாலை கலீனா வந்தார். குட்டையான, கன்னம் சிவந்த மனுசி. எல்லோரும் அக்காவை அக்கா என்று கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் பெயர் என்று நினைத்து அவரும் "அக்கா" என்றே கூப்பிடுகிறார். அவர் மூத்தவர் என்பதால் எங்கள் அக்காவும் அவரை அக்கா என்கிறார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு, ஆளுக்குக் கொஞ்சம் ஆங்கிலத்தில் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார்கள்.

நான் என் தொழிலைக் காட்டினேன். ரஷ்யாவுக்கென்று வைத்திருந்த மாதிரிப் பொட்டலத்தைப் பிரித்து, கேத்திலைச் சூடாக்கி, இலையை அளந்து போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து ஆறு நிமிடத்தில் வடித்தேன். கிளாஸில் செம்பு நிறம். என் மேலதிகாரி பார்த்திருந்தால் சம்பளம் கூட்டியிருப்பார். கலீனா குடித்தார். நல்ல தேநீர், மிக நல்ல தேநீர் என்றார். அக்கா வழக்கம்போல் கேத்திலோடு பக்கத்தில் நின்றார். மூன்றில் இரண்டு பங்கு குடித்ததும் கலீனா உள்ளங்கையால் கிளாஸை மூடி, தள்ளி வைத்துவிட்டார். மிச்சம் அப்படியே ஆறிப்போனது.

அவர் போனபின் அக்கா அந்தக் கிளாஸை எடுத்து என் முன்னால் வைத்தார். எனக்குச் சுருக்கென்றது. கொழும்பில் நான் நல்லது என்று சொன்னால் நல்லது. இங்கே ஒன்பதாம் மாடி என்னைத் தோற்கடித்துவிட்டது.

செவ்வாய் முழுவதும் எனக்கு முகம் சரியில்லை. அதைப் பார்த்த அத்தான் காரில் ஏற்றி வோபர்னுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு எங்கடையாக்களின் கடையில் ஆட்டிறைச்சி ரோல்ஸ், சுடச்சுட. நான் கொழும்பில் தின்னும் ரோல்ஸை விட இரண்டு மடங்கு பெரிது, உறைப்பும் இரண்டு மடங்கு. அகதியாக வந்தவர்கள் எதையும் சிறிதாகச் செய்வதில்லை என்று நினைக்கிறேன். இரண்டாவது ரோல்ஸ் முடியும்போது எனக்கு ஒரு தெளிவு வந்தது. தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்கவேண்டியதுதான். நகரின் வடக்கே, பாதர்ஸ்ட் தெருப் பக்கம், ரஷ்யக் கடைகள் இருப்பதாக அத்தான் சொன்னார். தானே கொண்டுபோய் விடுவதாகவும் சொன்னார். வேண்டாம், பஸ்ஸில் போகிறேன் என்றேன். வீறாப்புத்தான்.

புதன்கிழமை பஸ்ஸில் ஏறி நல்ல சீட்டாகப் பார்த்து உட்கார்ந்தேன். இங்கே பஸ்ஸில் ஒருவரும் ஒருவரையும் இடிப்பதில்லை. மிதிபலகையில் தொங்க ஆள் இல்லை, சில்லறைக்குச் சண்டை இல்லை. இறங்குகிறவர்கள் சாரதிக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குகிறார்கள். நான் இந்த நாகரிகத்தை ரசித்துக்கொண்டே அரை மணித்தியாலம் போனேன். கட்டிடங்கள் குறைந்து, மரங்கள் கூடின. பக்கத்தில் இருந்த தமிழ் முகத்திடம், தங்கச்சி, பாதர்ஸ்ட் எப்ப வரும் என்று கேட்டேன். அந்தப் பிள்ளை, அங்கிள், இது கிழக்கை போகுது என்று மெதுவாகச் சொன்னாள்.

இறங்கி நின்று விட்பியில் இருக்கும் அக்காவின் மகள் துளசிக்குப் போன் அடித்தேன். அவள் இங்கேயே பிறந்தவள்.

"மாமா, யூ ஆர் கோயிங் த ரோங் வே," என்றாள். "ரோட்டுக்கு மற்றப் பக்கம் போங்கோ. அங்கை ஒரு ஸ்டொப் இருக்கும், ஓகே? பிளீஸ், ரோட்டை குறுக்காலை ஓடாதேங்கோ. லைட்டிலை க்ரொஸ் பண்ணுங்கோ."

முப்பது வருடம் வெள்ளவத்தையில் காலி வீதியைக் குறுக்கே கடந்தவனுக்கு இந்த அறிவுரை. லைட்டில்தான் கடந்தேன்.

கடையைக் கண்டுபிடிக்கும்போது பசி கண்ணை மறைத்தது. உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த ஒரு பணியாரம் வாங்கித் தின்றேன். எங்கள் ரோல்ஸுக்கு மிளகாய் கண்டுபிடிக்கப்படாத காலத்து மூதாதை. கடைக்காரப் பெண்ணின் பெயர் ராயா. தாஷ்கண்டில் பிறந்தவராம், ஐம்பது வயது இருக்கும். நான் என் தொழிலைச் சொல்லி, என் தோல்வியையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு என்னைக் கல்லாவுக்குப் பின்னால் கூப்பிட்டார். அங்கே ஒரு பெரிய தண்ணீர்க் கேத்திலும், அதன் தலையில் கைப்பிடியளவு சின்னக் கேத்திலும் இருந்தன. பக்கத்தில் இரண்டு கிழவர்கள் கிளாஸோடு உட்கார்ந்து எதையோ சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன்.

"இவர் சொல்கிறார், என் மருமகள் போடும் தேநீரில் அடியில் கிடக்கும் சீனியை எண்ணலாம். அவர் சொல்கிறார், என் மருமகள் போடுவதில் கரண்டியே தெரியாது. இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை," என்று மொழிபெயர்த்தார் ராயா.

பிறகு செய்து காட்டினார். சின்னக் கேத்திலில் கொதிநீரை விட்டுக் குலுக்கி ஊற்றிச் சூடாக்கி, பெரிய இலைத் தேயிலையை ஐந்தாறு கரண்டி தாராளமாகப் போட்டார். அப்போதுதான் கொதித்த தண்ணீரை விட்டு மூடி, பத்து நிமிடம் துவாயால் போர்த்திவைத்தார். வந்தது மை. அதைக் கிளாஸில் இரண்டு விரல் உயரம் விட்டு, மேலே கொதிநீரால் நிரப்பினார். எனக்குத் தந்ததை விடத் தனக்குக் கறுப்பாக விட்டுக்கொண்டார்.

"தேயிலை ஓரிடம், தண்ணீர் ஓரிடம்," என்றார். "நீங்கள் கேத்திலுக்குள்ளேயே இரண்டையும் கலந்து முடித்துவிடுகிறீர்கள். பிறகு விருந்தாளிக்கு என்ன மிச்சம்? கிளாஸ் யாருடையதோ, அளவும் அவருடையது."

திரும்பி வரும்போது சரியான பஸ்ஸில்தான் இருந்தேன். அந்த வசனம் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே வந்தது. தேயிலை ஓரிடம், தண்ணீர் ஓரிடம். தே. தண்ணி. தேத்தண்ணி. பிறந்த நாள் முதல் வாயில் இருந்த சொல். தேநீர் என்று புத்தகத்தில் எழுதினாலும் அதே கதைதான். இரண்டு பொருள், இரண்டு சொல், நடுவில் ஒட்டுப்போட்டது நாங்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன்சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

அக்காவுக்கு விளக்க ஒரு நிமிடம்தான் எடுத்தது. "உது சாயந்தானே," என்றார். "யாழ்ப்பாணத்திலை தேத்தண்ணிக் கடையிலை சாயம் வேறை, சுடுதண்ணி வேறை எண்டு தானே வைச்சிருப்பினம். சாயம் கூட, சாயம் குறைய எண்டு கேட்டு வாங்கிறதெல்லே." முப்பது வருட நிபுணன் கிழக்கே ஒருமுறை, வடக்கே ஒருமுறை போய்க் கொண்டுவந்த ஞானம் அக்காவின் குசினியிலேயே இருந்திருக்கிறது.

ஆனால் தெரிவது வேறு, கை பழகுவது வேறு. வியாழக்கிழமை, ராயாவின் கடையில் வாங்கிவந்த சின்னக் கேத்திலில் ஒத்திகை பார்த்தோம். சாயம் போட்டுப் போர்த்திவைத்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து மனைவி போன் எடுத்தாள். பத்து நிமிடம் நாற்பது நிமிடமாயிற்று. நான் வரும்போது அத்தான், ஆறப்போகுது என்று சின்னக் கேத்திலை அடுப்பிலேயே ஏற்றிவிட்டிருந்தார். குமிழி விட்டுக் கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு விரல் விட்டு, தண்ணீர் நிரப்பி ஆளுக்கொரு வாய் குடித்தோம். அக்கா வாயைக் கோணிக்கொண்டு தொட்டிப் பக்கம் போனார்.

"சாயம் கசாயமாப் போச்சு," என்றார் அத்தான், தனக்குச் சம்பந்தமே இல்லாதவர் போல.

அதன்பின் சட்டம் போட்டேன். சின்னக் கேத்தில் அடுப்பைக் காணக் கூடாது. சமோவாரின் தலைமேல் இருந்தால் அந்தச் சூடு போதும். பத்து நிமிடம் ஆனதும் சாயத்தை வடித்து வேறொரு கேத்திலுக்கு மாற்றிவிட வேண்டும், இலை உள்ளேயே கிடந்தால் கசப்பை இறக்கிக்கொண்டே இருக்கும். இரண்டாம் தரம் போட்டதை அக்காவே குடித்துப் பார்த்து, நல்லாத்தான் இருக்கு என்றார்.

வெள்ளிக்கிழமை வேறு வில்லங்கம். அக்கா பதற்றத்தில் காலையிலேயே சாயம் போட்டு ஆறவைத்திருந்தார். மதியம் மூடியைத் திறந்தவர் அலறாத குறையாக என்னைக் கூப்பிட்டார். சாயம் கலங்கி, பழுப்புப் பால் மாதிரி இருந்தது. பழுதாப் போச்சு, ஊத்தட்டோ என்றார். இதில்தான் என் தொழில் எனக்குக் கைகொடுத்தது. நல்ல சாயம் ஆறினால் கலங்கும், கலங்காவிட்டால்தான் நான் கவலைப்படுவேன். கிளாஸில் கொஞ்சம் எடுத்துக் கொதிநீரை விட்டேன். கலக்கம் எல்லாம் போய்ச் செந்நிறமாகத் தெளிந்தது. அக்கா என்னை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தார். ஆனால் இன்றைய சாயம் நாளைக்கு வேண்டாம், வாசம் போய்விடும் என்று அதையும் ஊற்றச் செய்தேன்.

கிளாஸின் மேலே எண்ணெய் மாதிரி ஒரு மெல்லிய ஆடை படிந்ததையும் கண்டேன். அது ஏரித் தண்ணீரின் சுண்ணாம்பு. வடிகட்டும் சாடியில் பிடித்த தண்ணீரை விட்டதும் ஆடை இல்லை. ஒரு துண்டு தேசிக்காய் போட்டாலும் போய்விடும். அதோடு, காலையிலிருந்து திரும்பத் திரும்பக் கொதித்த தண்ணீர் வேண்டாம், செத்த ருசி வரும், புதிதாகப் பிடித்து ஒருமுறை கொதிக்கவிட்டால் போதும் என்றும் சொன்னேன். அத்தான் இதை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டினார். முதல் வரி: "அடுப்பில் வைக்கக்கூடாது (பாலா)." அது அவருடைய பெயர்தான்.

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கலீனா வந்தார். நீலச் சட்டை, கழுத்தில் முத்துமாலை. கையில் பாதி தீர்ந்த செரிப்பழ ஜாம் போத்தல். குளிர்பெட்டியைக் காலி செய்கிறாராம். மேசையில் அக்கா ரோல்ஸ், பயற்றம் உருண்டை, வடை எல்லாம் அடுக்கி, நடுவில் சந்தனப் பொட்டோடு சமோவாரை வைத்திருந்தார். அதன் தலையில் சின்னக் கேத்திலைக் கண்டதும் கலீனா நின்றுவிட்டார். கிட்டப்போய் மூடியைத் திறந்து முகர்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அக்கா சாயத்தை விட்டு, குழாயைத் திறந்து கொதிநீரால் நிரப்பி நீட்டினார். கலீனா ஒரு கட்டி சீனியை எடுத்துப் பல்லில் கடித்துவைத்துக்கொண்டு, அதனூடாக உறிஞ்சினார். எனக்கு ஆச்சரியம். எங்கள் வீட்டில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடிப்பது இதே முறைதான். அக்கா உள்ளே ஓடிப்போய்ப் பனங்கட்டி கொண்டுவந்தார். கலீனா அதையும் கடித்துப் பார்த்துவிட்டு, ஜாமைப் பக்கத்தில் தள்ளிவைத்தார். அத்தான் ஜாமை எடுத்துக்கொண்டார்.

கிளாஸ் பாதியானது. பிறகு மூன்றில் ஒரு பங்கானது. அப்போதுதான் பார்த்தேன். அக்காவின் கை தன்பாட்டில் சாயக் கேத்திலை நோக்கிப் போனது. அது அசைந்த அதே கணம் கலீனாவின் உள்ளங்கையும் கிளாஸை நோக்கி எழும்பியது. திங்கட்கிழமையும் இதேதான் நடந்தது. அக்கா பக்கத்தில் கேத்திலோடு நின்றார். நான்தான் நாக்கை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் விருந்தாளியின் கிளாஸ் ஒருபோதும் அடி தெரியக்கூடாது. தெரியும் முன் நிரப்பவேண்டும். கேட்கக் கூடாது, கேட்டால் வேண்டாம் என்பார்கள். ஆறு வருடமாக அந்த மனுசி கடைசி மூன்றில் ஒரு பங்கைக் குடிக்காமல் விட்டது, அக்கா அடுத்ததை ஊற்றிவிடாமல் இருக்கத்தான்.

"அக்கா, கையை எடுங்கோ," என்றேன்.

"ஏன், கேத்தில் சூடோ?"

"இல்லை. ஒண்டும் விடாதேங்கோ. சும்மா இருங்கோ."

"வந்தவையின்ரை கிளாஸ் காலியா இருக்கப் பாத்துக்கொண்டிருக்கிறதோ? என்ன கதை கதைக்கிறாய்?"

"இண்டைக்கு மட்டும். எனக்காக."

அக்கா கையை எடுத்தார். எடுத்த கைக்கு என்ன செய்வதென்று தெரியாமல், இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். பால் பொங்குமோ என்று அடுப்பைப் பார்ப்பது போல் அந்தக் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். கலீனா கிளாஸைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், அக்காவின் கைகள் போன இடத்தைப் பார்த்தார். எழும்பிய உள்ளங்கையை மெல்ல இறக்கினார். கிளாஸைத் தூக்கி மிச்சத்தைக் குடித்தார். அடியில் இரண்டு துகள் இலை மட்டும் கிடந்தது.

காலிக் கிளாஸ் மேசையில் இருந்தது. அக்காவின் தோள் துடிப்பது எனக்குத் தெரிந்தது. கலீனா கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார், ஒருவரும் ஒன்றும் ஊற்றவில்லை என்பதை நிச்சயப்படுத்திக்கொள்பவர் போல. பிறகு தானே கையை நீட்டிச் சாயத்தை ஒரு விரல் உயரம் விட்டு, குழாயைத் திறந்து, வெளிறிய இரண்டாவது கிளாஸை நிரப்பிக்கொண்டார். பேச்சு நாலு மணிக்கு மேல் போனது. மூன்றாவதும் குடித்தார். முழுவதும்.

அதன்பின் வெறும் கிளாஸைத் தட்டில் தலைகீழாகக் கவிழ்த்தார். கடித்து மிஞ்சிய சீனித் துண்டை அதன் முதுகில் வைத்தார்.

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. "என்னடா, கவிட்டுப் போட்டா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். நான் கலீனாவிடம் கேட்டேன். தன் ஊரில் அம்மா காலத்து வழக்கம் என்றார் அவர். கவிழ்த்தால், போதும், வயிறும் மனமும் நிறைந்துவிட்டது, இனி ஊற்றவேண்டாம் என்று அர்த்தமாம்.

"ஆறு வருடமாக இதைச் செய்ய நினைத்தேன்," என்றார். "ஆனால் கவிழ்க்க வேண்டுமென்றால் முதலில் கிளாஸ் காலியாக வேண்டுமே. அக்கா, நீதான் விடவில்லை. உன் கேத்திலுக்குப் பயந்து எத்தனை நல்ல தேநீரை மிச்சம் வைத்தேன் தெரியுமா?"

நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. அக்காவுக்கு விளங்கிவிட்டது. "அப்ப உது இலை மடிக்கிற மாதிரி," என்றார். அத்தான் உடனே ஒரு காகிதத் துவாலையை விரித்து, சாப்பிட்டு எழும்பும்போது வாழையிலையை எப்படித் தன் பக்கம் மடிப்பது என்று கலீனாவுக்குச் செய்து காட்டினார். கலீனாவும் ஒன்று எடுத்து மடித்துப் பார்த்தார். அக்கா சிரித்துக்கொண்டே அழுதார். நான் செருமிவிட்டு, ஏரித் தண்ணீரின் சுண்ணாம்பு என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஞாயிறு காலை கலீனா ஒரு சீப்போடு மேலே வந்தார். அக்காவைக் கதிரையில் இருத்தி, தலையை வாரிப் பின்னிவிட்டார். மணிக்கட்டு எப்போதோ சுகமாகிவிட்டது என்று ஒருவரும் சொல்லவில்லை. பிறகு கீழே போய் வாடகைக் காரில் சூட்கேஸ்களை ஏற்றினோம். கார்க் கண்ணாடியை இறக்கி அவர் "அக்கா" என்றார். எங்கள் அக்காவும் "அக்கா" என்றார். கார் போனது.

திங்கட்கிழமை என் விமானம். அத்தான் காரை எடுக்கக் கீழே போயிருந்தார். அக்கா எனக்குச் சமோவாரில் தேத்தண்ணி போட்டுத் தந்தார். நல்ல சாயம், நல்ல நிறம். துப்ப வேண்டியதில்லை என்பதால் ஆறுதலாகக் குடித்து முடித்தேன். அக்கா பக்கத்தில் நின்றார். கைகள் இரண்டையும் பின்னால் கட்டியிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் விடட்டோ, தம்பி?" என்று கேட்டார்.

ஐம்பத்தாறு வருடத்தில் அக்கா என்னிடம் இப்படிக் கேட்டதே இல்லை. ஏதோ வேறு வீட்டில் உட்கார்ந்திருப்பது போல் இருந்தது எனக்கு.

"என்னட்டையுமோ கேக்கிறியள்?" என்றேன். "விடுங்கோ."

அக்கா கிளாஸ் வழிய வழிய விட்டார். கீழே அத்தான் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார். நான் அவசரப்படாமல் குடித்தேன், கடைசி மூன்றில் ஒரு பங்கையும்.